சிலைக்கு ஏற்ற வால்வு

செருப்பை வாசலில் விடாதே, பாப்பா. உள்ளே கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் போடு. மேல்மாடிக்காரர் நடைபயிற்சி முடிந்து வரும் நேரம். நல்ல மனிதர்தான், ஆனால் எந்த வீட்டு வாசலில் யாருடைய செருப்பு கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே படியேறுவார். அந்த நாற்காலி வேண்டாம், ஜன்னலுக்கு நேராக இருக்கிறது. இங்கே அலமாரியை ஒட்டி உட்கார். தண்ணீர் இருக்கிறது, ரொட்டி இருக்கிறது. டீ போட்டுக் கொடுக்க முடியாது. நான் அடுப்புப் பற்றவைப்பதை விட்டு நாளாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

நீ கேட்க வந்தது எனக்குப் புரிகிறது. நாளை உன் அம்மாவின் மேல்முறையீடு. நான் நீதிபதிக்கு முன்னால் வந்து, அந்த வால்வின் வரைபடத்தை மாற்றியது யார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் தூக்கிலிருந்து தப்புவாள். அவ்வளவுதானே. நீ இதை அழாமல் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தச் சுவர்கள் மெல்லியவை, அழுகை பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். பதில் சொல்வதற்கு முன் நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். கேட்டு முடித்தால் மாமா கெட்டவன் இல்லை, பயந்தவன் என்று உனக்கே தெரியும். இரண்டும் வேறு வேறு. ஊரில் முக்கால்வாசிப் பேர் பயந்தவர்கள்தான்.

சின்ன வயதிலேயே உன் அம்மா எனக்கு முயல் என்று பேர் வைத்துவிட்டாள். கதவு படாரென்று சாத்தினால் நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேனாம். பெரியவனாகி வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான் கூப்பிட்டாள். கேலிதான், ஆனால் அதில் ஒரு பிரியம் இருந்தது. வாயு நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில் அவள் பொறியாளர். தர நிர்ணய அலுவலகத்தில் நான் வரைபடக் காப்பாளர். நாட்டில் எந்தப் பொருளைத் தயாரித்தாலும் அதன் மூல வரைபடம் எங்கள் அலுவலகத்துத் தகரப் பெட்டிகளில் இருக்க வேண்டும். தொழிற்சாலைகள் அதைப் பார்த்துத்தான் செய்யும். காகிதத்துக்குக் காவல் நிற்கும் வேலை. முயலுக்கு ஏற்ற வேலை என்று உன் அம்மா சொல்வாள்.

காவல் வால்வை அவள் செய்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். பக்கத்துக் கட்டடத்தில் காற்றுக்கு அடுப்பு அணைந்து, வாயு மட்டும் கசிந்துகொண்டே இருந்து, ஒரு குடும்பமே போய்விட்டது. அதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. தீயின் சூட்டில் ஓர் உலோகத் தகடு வளைந்து வால்வைத் திறந்து பிடித்திருக்கும். தீ அணைந்து தகடு ஆறினால் வால்வு தானாகவே மூடிக்கொள்ளும். தகடு ஏமாற்றிவிட்டால் கையாலும் மூடலாம். அம்புக்குறி போட்ட ஒரு குமிழ், வலப்பக்கம் ஒரு திருப்பு.

தகட்டுக்கு ஆனதைவிட அந்தக் குமிழுக்குத்தான் அவளுக்கு அதிக நாள் ஆயிற்று. எந்தப் பக்கம் திருப்பினால் மூட வேண்டும் என்று அவள் பார்க்கிறவர்களை எல்லாம் பிடித்துச் சோதித்தாள். இடுப்பில் குழந்தை வைத்திருப்பவர்கள், கை நனைந்தவர்கள், கண் சரியாகத் தெரியாதவர்கள். என்னையும் கூப்பிட்டாள். கண்ணைக் கட்டி, குமிழில் என் கையை வைத்து, காதுக்குப் பக்கத்தில் ஒரு தட்டைத் தரையில் போட்டாள். எனக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது. கை தானாகத் திருப்பியது.

“வலது,” என்றாள். “பாரு, பயந்தவன் கை வலப்பக்கம்தான் போகுது. எல்லாருக்கும் அப்படித்தான் போகுது. ஆனா உன்னை மாதிரி சுத்தமா பயப்படறதுக்கு இந்த ஊர்ல ஆள் கிடையாதுடா.”

அதனால் அந்த வால்வு வலப்பக்கம் மூடியது. அதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு அது எல்லாச் சமையலறைக்கும் வந்தது. யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. நிறுவனம் அவளுக்கு ஒரு மேசைக் கடிகாரம் கொடுத்தது. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் சமையலறையை எட்டிப் பார்ப்பாள், அந்தக் குமிழைக் கண்டதும் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்ததுபோல முகம் மலரும். அவ்வளவுதான்.

தலைவரின் அந்தப் பேச்சு வந்த அன்று நான் உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ விடுதியில் இருந்தாய். புதிய வாயுக்கிடங்கைத் திறந்துவைத்துத் தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருந்தவர், இடையில் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் அடுப்பு விற்றவர், அதில் பொய் இல்லை. ஏழைத் தாய்மார்கள் வெந்து சாவதைப் பொறுக்காமல் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து காவல் வால்வைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்றார். பேச்சுவாக்கில் வந்த ஒரு வரி. எழுதிக் கொடுத்தவருக்கே அது மறுநாள் மறந்திருக்கும். உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நல்லவேளைடா, என்னையும் அவங்க அப்பாதான் கண்டுபிடிச்சாருன்னு சொல்லலே.”

நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

ஒரு வரி வெளியே வந்துவிட்டால் அதற்கு வீடு வாசல் எல்லாம் கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, பாப்பா. முதலில் பாடப்புத்தகம். பிறகு அருங்காட்சியகத்தில் ஒரு பொய்ப் பின்கட்டு, அதில் ஒரு பொய் மேசை, மேசைமேல் கழற்றி வைத்த ஒரு கண்ணாடி. பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். மூல வரைபடத்தின் மூலையில் உன் அம்மாவின் பெயர் இருந்தது. வரைபடத் தாளில் மையை அழிக்கச் சவர பிளேடு போதும். சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சுரண்டினால் மை தூளாக எழுந்து வரும், ஊதிவிடலாம். ஊதிவிட்டேன். அன்று மாலை அவளிடம் போய்ச் சொல்லவும் செய்தேன். அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்து, சாப்பிட்டுப் போ என்றாள். அவள் கோபப்படவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்.

சிக்கல் சிலையால் வந்தது. சதுக்கத்தில் தலைவரின் அப்பாவுக்குச் சிலை. வலக்கையில் வால்வைத் தூக்கிப் பிடித்திருப்பார், குமிழின் அம்பு தங்க நிறத்தில் தூரத்திலிருந்தே தெரியும். தலை ஒரு பக்கம் திரும்பியிருப்பதுபோலச் சிற்பி களிமண்ணில் செய்து முடித்த பிறகு, அப்பாவின் முகம் மறுபக்கத்தில் இருக்கும் தலைவரின் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த இடத்தில் சிலையைத் திருப்பினால் விழா மேடையில் இருப்பவர்களுக்கு முதுகுதான் தெரியும். சிற்பியும் பயந்தவர்தான். முழு உருவத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக மாற்றிச் செய்துவிட்டார். வால்வு இடக்கைக்குப் போனது, தலை வகிடு மறுபக்கம் போனது. குமிழின் அம்பும் கூடவே திரும்பிவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. திறப்பு விழாவில் அதற்குக் கீழே நின்று எல்லோரும் கைதட்டினோம்.

என் பக்கத்து மேசைக்காரர் கவனித்தார். நல்ல வரைவாளர், வாய்தான் சும்மா இருக்காது. மதியம் டிபன் பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னார்: “சிலையில பாத்தீங்களா? நம்ம வால்வை அந்தப் பக்கம் திருப்பினா கேஸ் திறந்துக்கும். தலைவரோட அப்பா ஊரைக் கொளுத்தறதுக்குத்தான் கண்டுபிடிச்சிருக்காரு போல.”

மறுநாள் அவர் வரவில்லை. அவருடைய மேசையும் இல்லை. மேசைக்கால்கள் அழுந்திய தடம் மட்டும் தரையில் இருந்தது. அதை மேலே சொன்னது யார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அவர் பேசும்போது அறையில் இருந்தது அவர், நான், காது மந்தமான தட்டச்சர். நான் சொல்லாமல் இருந்து, வேறு வழியாக விஷயம் போயிருந்தால், கேட்டும் சொல்லாதவன் என்று என் மேசைக்கால் தடமும் தரையில் இருந்திருக்கும்.

ஆனால் சொன்ன பிறகுதான் பெரிய பயம் வந்தது. அதுவரை ஒருவருக்குத் தெரிந்த விஷயம் இப்போது மேலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இயக்குநரின் அறையில் கூட்டம் போட்டார்கள். தலைவரின் செயலாளர் வந்திருந்தார். அவருடைய கன்னத்தில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டே இருந்தது. சிலையைக் கழற்றினால் தப்பு நடந்தது என்று ஒப்புக்கொண்டதாகும். விட்டுவைத்தால் பார்க்கிறவன் எல்லாம் சிரிப்பான். யார் தலை உருளும் என்று எல்லோரும் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வரைபடச் சுருளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதி இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் நான் கத்தியிருப்பேன்.

அதனால் பேசினேன். வரைபடத் தாள் ஊடுருவித் தெரிவது, புரட்டிப் போட்டால் வலது இடதாகும், எழுத்துகளை மட்டும் திருத்தி எழுதினால் போதும், அடுத்த நாளே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடலாம் என்றேன். சிலைக்கு ஏற்றபடி வால்வை மாற்றிவிடலாம். 

இயக்குநர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் என்னை முதல்முறையாகப் பார்த்தார். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அன்று மாலை பத்திரமாக வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

உன் அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அலுவலகத்துக்கே வந்தாள். கழிவறைப் பக்கத்துத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனேன். அன்று அவள் சிரிக்கவில்லை.

“பேரை எடுத்துக்கட்டும்டா முயலு. நான் என்ன பேருக்கா செஞ்சேன்? புத்தகத்துல போடட்டும், சிலை வைக்கட்டும், கோயிலே கட்டட்டும். திசையை மட்டும் மாத்தாதீங்க. புகை வந்தா ஜனங்க அம்பைப் பாத்து மூடமாட்டாங்க. கைதான் மூடும். உன் கை எந்தப் பக்கம் போச்சுன்னு உனக்குத் தெரியும்தானே?”

பார்க்கிறேன் அக்கா என்றேன். அவள் என் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், குடித்து முடிக்கவே இல்லை. போய்விடு என்றேன். போனாள். அன்று சாயங்காலமே மாற்றிய வரைபடத்தை முடித்தேன். பழையதைக் கைகழுவும் தொட்டியில் போட்டு எரித்தேன். இரண்டும் இருந்தால் எது சரி என்ற கேள்வி வரும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதுவே சரி. இது எங்கள் தொழிலின் முதல் விதி. நான் கண்டுபிடித்ததல்ல.

பழைய வால்வைக் கொடுத்துப் புதியதை இலவசமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று தெருத்தெருவாக வண்டி வந்தது உனக்கு நினைவிருக்கும். பழையதை எல்லாம் உருக்கிவிட்டார்கள். புதியதில் தலைவரின் அப்பா முகம் சின்னதாகப் பொறித்திருந்தது. ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். மாட்டிவிட்டுத் திருப்பிப் பார்த்தபோது கை தடுமாறியிருக்கும். எல்லோருக்கும்தான். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஊரில் அத்தனை பேர் கைக்கும் தெரிந்த விஷயம், ஒரு வாய்க்கும் தெரியவில்லை.

பிறகு குழந்தைகள் மருத்துவமனையின் சலவைக்கூடம். கொதிதொட்டிக்கு அடியில் குழாயில் கசிவு. நாற்றம் வந்ததும் அங்கே வேலை பார்த்த ஒருத்தி ஓடிப்போய்க் குமிழைப் பிடித்திருக்கிறாள். அனுபவசாலி, பதறுகிறவள் இல்லை என்று சொன்னார்கள். ஆனாலும் அந்த நேரத்தில் கை பழகிய பக்கம்தானே போகும். மூட வேண்டியது முழுசாகத் திறந்துகொண்டது. மேல் மாடியில்தான் குழந்தைகளின் படுக்கைகள் இருந்தன. நான் போய்ப் பார்க்கவில்லை. தெருவில் சாம்பலோடு சின்னச் சின்னப் போர்வைத் துண்டுகள் பறந்து வந்தன, எங்கள் அலுவலக ஜன்னலிலும் ஒன்று ஒட்டியது. யாரும் அதை எடுக்கவில்லை. கடைசியில் மழைதான் எடுத்தது.

உயிர் பிழைத்த அவளை விசாரித்தார்கள். வால்வு எந்தப் பக்கம் மூடும் என்று கேட்டார்கள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “என் கைதாங்க வழுக்கிடுச்சு,” என்றாள். கேட்டவர் கையிலும் அதே வழக்கம்தான் இருந்திருக்கும். எழுதிக்கொண்டார்.

ஆனால் இத்தனை குழந்தைகள் போனால் யாராவது ஒருவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். வால்வில் இருந்ததோ தலைவரின் அப்பா முகம். செயலாளரின் கன்னத்து நரம்பு இப்போது கழுத்துவரை துடித்தது. வரைபடத்தை அனுப்பியது எங்கள் அலுவலகம், கையெழுத்து இயக்குநருடையது, கை என்னுடையது. வீட்டில் வண்டிச் சத்தம் கேட்டாலே நான் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கொண்டுபோகும்போது பனியனோடு போகக்கூடாது என்று ஒரு எண்ணம். அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று உனக்குச் சொன்னால் புரியாது. உடம்புக்குள் இன்னொரு ஆள் குடியிருப்பது போல. நீ சோறு போட்டால் அவன்தான் சாப்பிடுவான்.

அந்த ஆள்தான் ஒரு நாள் என்னைச் செயலாளரிடம் கூட்டிப்போனான். நான் ரொம்ப மரியாதையாகச் சொன்னேன். ஐயா, அந்த வால்வு உண்மையில் வேறொருவருடைய கண்டுபிடிப்பு. வரலாற்றில் அவருக்கு ஓர் அநியாயம் நடந்துவிட்டது. அதை இப்போது சரிசெய்துவிடலாமே.

யார் அவர் என்று கேட்டார். சொன்னேன். உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். அதையும் சொன்னேன். ஒளிக்கவில்லை. உறவு இருந்தும் உண்மையைச் சொல்கிறானே என்று அவர் கண்ணில் ஒரு மரியாதை தெரிந்தது.

பிறகு தலைவர் மறுபடி தொலைக்காட்சியில் பேசியது நன்றாகவே இருந்தது. ஒரு பெண்ணின் உழைப்பை இத்தனை காலம் மறைத்துவிட்டோம், என் அப்பா நேர்மையாக அடுப்பு விற்றவர், அதற்கு மேல் எதற்கும் அவர் உரிமை கொண்டாடியதில்லை என்றார். குரல் தழுதழுத்தது. கைதட்டல் ஓயவே இல்லை. சிலையிடமிருந்து வால்வைக் கழற்றிவிட்டார்கள். இப்போது போய்ப் பார், வெறுங்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், யாரிடமோ எதையோ கேட்பதுபோல. அந்தப் பேச்சு முடிவதற்குள் உங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றிருந்தது.

நீதிமன்றத்தில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நீ தீர்ப்பைப் படித்துப் பார்க்கலாம். காவல் வால்வைக் கண்டுபிடித்தது யார் என்றார்கள். என் அக்கா என்றேன். இது உங்கள் அலுவலகத்தில் உள்ள வரைபடம்தானா என்றார்கள். ஆம் என்றேன். வேறு வரைபடம் உண்டா என்றார்கள். இல்லை என்றேன். இல்லைதானே. நாசவேலை என்ற வார்த்தை அரசு வழக்கறிஞருடையது. நான் அந்த வார்த்தையைப் பயன்படுத்தவே இல்லை.

வெளியே வரும்போது உன் அம்மாவை என்னைக் கடந்து கூட்டிப்போனார்கள். இளைத்திருந்தாள். நின்று என் கையைப் பார்த்தாள், முகத்தை அல்ல.

“இப்ப எந்தப் பக்கம்டா திருப்புவே?” என்றாள்.

நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். கூட வந்த காவலர் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் நான் அடுப்புப் பக்கம் போவதை நிறுத்தினேன். குமிழைப் பிடித்தால் கை தானாக எங்கோ போகப் பார்க்கிறது. யாராவது பார்த்துவிட்டால் அதுவே சாட்சியாகிவிடும். ரொட்டியும் பச்சைத் தண்ணீரும் போதும், பழகிவிட்டது.

ஆகவே நாளை நான் வர முடியாது, பாப்பா. பழைய தாள் சாம்பலாகிவிட்டது. வெறும் வாயால் சொன்னால் அவளோடு சேர்த்து என்னையும் தொங்கவிடுவார்களே தவிர, அவளை இறக்கிவிட மாட்டார்கள். இதில் யாருக்கு லாபம்? நீயே யோசி. உன்னிடம் இதையெல்லாம் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. நீ இங்கே வரப்போவதை நேற்றே அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். நீ என்ன கேட்டாய் என்பதையும் நாளை எழுதிக் கொடுப்பேன். கோபித்துக்கொள்ளாதே. ஒளித்தால்தான் சந்தேகம் வரும். உன் நல்லதுக்கும் சேர்த்துத்தான்.

வரைபடத்தைப் புரட்டியது நான். எரித்தது நான். உன் அம்மாவின் பெயரை அவர்களிடம் கொடுத்தது நான். நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். மனதில் எதையும் வைத்துக்கொள்கிறவன் இல்லை உன் மாமா.

கிளம்புவதற்கு முன் ஒன்று. புதிய பாடப்புத்தகம் வந்துவிட்டது, இன்னும் கடைகளுக்குப் போகவில்லை. காவல் வால்வைக் கண்டுபிடித்தவர் என்று கொட்டை எழுத்தில் உன் அம்மாவின் பெயர் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் அவள் படம், கல்லூரிக் காலத்துப் படம், அழகாக இருக்கிறாள். கீழே மருத்துவமனையைப் பற்றி இரண்டு வரி இருக்கிறது. அதைப் பிள்ளைகள் படிக்கவா போகிறார்கள், பரீட்சைக்குப் பெயர்தான் கேட்பார்கள். இத்தனை வருடம் ஒருவனும் அவளுக்குக் கொடுக்காத பெயர். அடுத்த முறை பார்க்க விடும்போது அவளிடம் சொல். தம்பிதான் வாங்கிக் கொடுத்தான் என்று சொல். சந்தோஷப்படுவாள்.